கார்டில் வராத நோய்

புதுச்சேரியில் போதை என்று பேச்செடுத்தாலே எல்லோருக்கும் சாராயமும் பிராந்தியும்தான் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட சாராயத்தை விற்க இங்கே அரசே கடை ஏலம் விடுகிறது. அதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, இன்னும் பேசுவோம். இந்தக் கட்டுரை வேறொன்றைப் பற்றியது. மருந்துக்கடையில் கிடைக்கிற வலி மாத்திரையைப் பற்றியது. அதில் மாட்டிக்கொண்ட நம் பிள்ளைகள் வெளியே வர அரசு என்ன வழி வைத்திருக்கிறது, அந்த வழிக்கு யார் காசு கட்டுவது என்பதைப் பற்றியது.

நாங்கள் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே ஒரு குடியிருப்பில் மாலை வகுப்பு நடத்துகிற ஏழெட்டுப் பேர். சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை, அவ்வப்போது ஒரு வன்கொடுமை வழக்கு என்று ஓடிக்கொண்டிருந்த வேலையின் நடுவே இது வந்து சேர்ந்தது. வகுப்பில் படித்து, பத்தாவதோடு நின்று, பெயிண்ட் வேலைக்குப் போன ஒரு தம்பி. வயது 24. பெயர் வேண்டாம். சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடி. ஒப்பந்தக்காரர் ஒரு நாள் கூலியைக் கையில் வைத்து அனுப்பிவிட்டார். வலியோடு வேலைக்குப் போகவேண்டும் என்றால் மாத்திரை வேண்டும். தெருமுனைக் கடையில் சீட்டு இல்லாமலே கொடுத்தார்கள். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு ஒரு அட்டை. ஒரு வருடத்தில் வலிக்காகப் போடுவது போய், போடாவிட்டால் வருகிற வலிக்காகப் போடுவது என்றாகிவிட்டது. மூக்கு ஒழுகும், எலும்புக்குள் கடையும், வயிறு கொட்டும், நாலு நாள் தூக்கம் கிடையாது. இதைப் பார்த்தவர்கள் 'திமிர் பிடிச்சுப் போய் போடறான்' என்று சொல்லமாட்டார்கள்.

இவை அபின் வகை மருந்துகள். அபின், மார்ஃபின், ஹெராயின், டிராமடால், டேபென்டடால் எல்லாம் மூளையில் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. டிராமடாலை 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். பிறகு தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் டேபென்டடால் என்ற பெயர் செய்திகளில் அடிபடத் தொடங்கியது. ஒன்றை மூடினால் அடுத்தது வரும். வாங்குகிறவனின் உடம்பு மாறவில்லையே.

ஒன்றிய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019 பிப்ரவரியில் வெளிவந்தது. இந்தியாவில் 10 முதல் 75 வயதுவரை உள்ளவர்களில் 2.1 விழுக்காட்டினர், அதாவது சுமார் 2.26 கோடிப் பேர், அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். இவர்களில் ஏறக்குறைய 77 லட்சம் பேருக்கு உதவி தேவை. சட்டவிரோத போதைப்பொருளைச் சார்ந்துபோனவர்களில் 20 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மது என்றால் 38 பேரில் ஒருவர். இது அரசே எடுத்த கணக்கு.

'சார்ந்துபோனவர்' என்று சுற்றி வளைத்து எழுதுகிறோம் என்று தோன்றலாம். 'போதை அடிமை' என்று எழுதினால் எல்லோருக்கும் சட்டென்று புரியும்தான். அடிமை என்ற சொல்லை யார்மேலும் ஒட்டுவதில்லை என்பது எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம். அவ்வளவுதான்.

தம்பியின் அம்மா குப்பை அள்ளும் ஒப்பந்த நிறுவனத்தில் தெருக்கூட்டும் வேலை செய்கிறார். நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். சிவப்பு ரேஷன் அட்டை, ஆயுஷ்மான் கார்டு இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு அவர் எங்களோடு ஒரு மருத்துவமனைக்கு வந்தார். சேர்த்தார்கள். பத்து நாள் படுக்கை. கடுப்பு அடங்கியது, பையன் சாப்பிட்டான், தூங்கினான். பதினோராவது நாள், 'இனிமே வெளிய ஏதாவது மறுவாழ்வு மையத்துல சேருங்க' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அக்கா கார்டை நீட்டினார். 'இதுல அது வராதும்மா' என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். கெட்ட மனிதர் இல்லை. இருந்த விதியைச் சொன்னார்.

அந்த விதியை நாங்கள் போய்ப் படித்தோம். 2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. எதையெல்லாம் ஏற்காது என்று அப்போது ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். புறநோயாளி சிகிச்சை, அழகுக்கான சிகிச்சை, குழந்தைப்பேறு சிகிச்சை, இவற்றோடு போதை மறுவாழ்வும் அதில் இருக்கிறது. மனநல சிகிச்சைத் தொகுப்பில் போதையால் வரும் மனநலக் கோளாறுக்கு ஒரு வரி உண்டு. ஆனால் அது படுக்கையில் கிடக்கும் நாள்களுக்கு. படுக்கையிலிருந்து எழுந்த மறுநாள் கார்டின் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

இந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு தலைகீழான ஏற்பாடு என்று புரியும். அபின் வகைப் பழக்கத்தில் பத்து நாள் படுக்கை என்பது தொடக்கம்கூட இல்லை. உடம்பைக் காலி செய்துவிட்டு, தொடர்ந்து மருந்து கொடுக்காமல் வெளியே விட்டால் பெரும்பாலோர் திரும்பவும் தொடுவார்கள். தொடும்போது பழைய அளவையே போடுவார்கள். இடைப்பட்ட நாளில் உடம்பு அந்த அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். மூச்சு நின்றுபோகும். படுக்கை கொடுத்து, பின்தொடர்ச்சி கொடுக்காமல் அனுப்புவது சில நேரம் அனுப்பாமல் இருப்பதைவிட ஆபத்து.

இதற்கு மருந்து இருக்கிறது. பியூப்ரெநார்ஃபின் என்று ஒரு மாத்திரை. நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். அதே கதவில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் பாதிதான் திறக்கும். கடுப்பு வராது, ஏங்குவது குறையும், ஆள் வேலைக்குப் போகலாம், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகலாம். இன்னொன்று மெத்தடோன். இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் எடுக்கவேண்டும். புறநோயாளியாக வந்து வாங்கிப் போகிற மருந்து இது. கார்டு ஏற்காத இரண்டு விஷயங்கள் எவை? புறநோயாளி சிகிச்சை, போதை மறுவாழ்வு. இந்த நோய்க்குத் தேவையானவை எவை? அந்த இரண்டும்தான்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். வியாதியைக் கொடுத்த மாத்திரை தெருமுனையில் சீட்டு இல்லாமல் கிடைத்தது. வியாதியைக் கட்டுப்படுத்துகிற மாத்திரை மருந்துக்கடைக்கே வராது. அதற்கென்று அனுமதி பெற்ற மையங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டும்தான் கொடுப்பார்கள். கள்ளச்சந்தைக்குப் போய்விடுமாம். போகும்தான், போயிருக்கிறது. ஆனால் அந்த அக்கறையில் பாதி முதல் மாத்திரை மேல் இருந்திருக்கலாம்.

அக்கா கேட்ட கேள்வி எங்களில் யாருக்கும் மறக்கவில்லை. 'எனக்கு சுகர் மாத்திரை மாசாமாசம் ஆஸ்பத்திரியில சும்மா தராங்க. எப்ப நிறுத்துவன்னு யாரும் என்னைக் கேக்கல. என் புள்ளைக்கு மட்டும் இன்னா தம்பி இத்தினி கணக்கு?'

கார்டு கைவிட்டபின் அக்கா தோட்டை அடகு வைத்தார். ஒரு தனியார் மையம், மாதம் 15,000 ரூபாய். தொலைபேசி கூடாது, முதல் மாதம் பார்க்கவரக் கூடாது. 'மருந்து கொடுக்கிறீர்களா' என்று கேட்டதற்கு, 'மன உறுதிதான் மருந்து' என்றார்கள். நாற்பது நாள் கழித்து மொட்டைத்தலையோடும் முதுகில் தழும்போடும் வந்தான். மூன்றாவது வாரம் பழைய அளவையே போட்டான். கூட இருந்த பையன் பயந்து ஓடாமல் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனதால் இன்று உயிரோடு இருக்கிறான். உதடு நீலமாகிவிட்டது என்று அந்தப் பையன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இங்கே புதுச்சேரிக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. அதே தெருவில், நாலு வீடு தள்ளி ஒரு சொல்தா வீடு. 1962 ஆகஸ்ட் 16 அன்று இந்த ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். கொடுத்தவர்களில் பட்டாளத்துக்காரர்கள் நிறைய. 1881-ஆம் ஆண்டு ஆணையைப் பயன்படுத்திச் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போனவர்களின் பிள்ளைகளும் உண்டு. அப்படித் துறந்தவர்களில் நம் மக்கள் கணிசம். சாதியிலிருந்து தப்பிக்க ஒரு கையெழுத்து போதும் என்றால் யார் போடமாட்டார்கள்? அந்தச் சொல்தா வீட்டின் பேரன் பாரிஸுக்கு வெளியே ஒரு புறநகரில் இருக்கிறான். அவனுக்கும் வேறொரு வழியில் இதே நோய் வந்தது. அவன் தெரு மருத்துவரிடம் போனான், சீட்டு வாங்கினான், மருந்துக்கடையில் பியூப்ரெநார்ஃபின் வாங்கினான். சமூகக் காப்பீடு பணம் கட்டுகிறது. லாரி ஓட்டுகிறான்.

பிரான்சு நல்லெண்ணத்தால் இதைச் செய்துவிடவில்லை. எண்பதுகளில் ஊசி வழியாக எய்ட்ஸ் பரவி, இளைஞர்கள் கொத்துக்கொத்தாகச் செத்த பிறகுதான் கண் திறந்தார்கள். 1995-இல் மெத்தடோனை மையங்களில் அனுமதித்தார்கள். 1996 முதல் எந்தப் பொது மருத்துவரும் பியூப்ரெநார்ஃபின் எழுதலாம் என்றார்கள். அடுத்த சில வருடத்தில், 1995-க்கும் 1999-க்கும் இடையே, அளவு மீறிச் சாகிறவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. அங்கும் மாத்திரை கைமாறியது, சிலர் ஏமாற்றினார்கள். அதற்காகத் திட்டத்தை மூடவில்லை.

ஒரே தெரு, ஒரே சேரி, ஒரே கோயில் திருவிழா. தாத்தா 1962-இல் போட்ட கையெழுத்து பேரனுக்கு மருந்துக் கார்டாக வந்து நிற்கிறது. போடாதவரின் பேரனுக்குத் தோடு அடகு.

வெளிநாட்டுக் கதை எதற்கு என்று கேட்பவர்கள் பஞ்சாபைப் பார்க்கலாம். மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தலித்தாக இருக்கும் மாநிலம். 2017 அக்டோபரில் அங்கே அரசு புறநோயாளி மையங்களைத் தொடங்கி இதே மாத்திரையை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் மருத்துவ ஊழியர் கண்முன்னால் தினமும் வந்து கரைக்கவேண்டும். 2020 ஊரடங்கில் அது முடியாமல் போனபோது பல நாளுக்கான மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தார்கள். பஞ்சாபில் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இந்தியச் சட்டத்துக்குள், இந்தியப் பணத்தில் இதைச் செய்யமுடியும் என்பதற்கு அது சாட்சி.

செய்யமுடியும் என்பதைவிட, செய்தாகவேண்டும் என்றே சட்டம் இருக்கிறது. மாணவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. மது, போதைப்பொருள் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைகளும் மனநோய் என்ற வரையறைக்குள் வரும் என்று அதன் தொடக்கத்திலேயே இருக்கிறது. பிரிவு 18 ஒவ்வொருவருக்கும் அரசு நடத்துகிற அல்லது அரசு பணம் கொடுக்கிற மனநல சேவையைப் பெறும் உரிமையைக் கொடுக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அது இலவசம், அதற்கான அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். குறைந்தபட்ச சேவை மாவட்டத்தில் இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறு இடத்தில் சிகிச்சை பெறலாம், செலவு அரசுடையது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைப் பிரிவு 95 தடை செய்கிறது. பிரிவு 21, காப்பீட்டு நிறுவனங்கள் உடல் நோய்க்குக் கொடுப்பதைப்போலவே மனநோய்க்கும் கொடுக்கவேண்டும் என்கிறது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஆகஸ்டில் அந்தப் பிரிவைப் பின்பற்றச் சொல்லி நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அதே ஆணையம் 2019 செப்டம்பரில் கொடுத்த விலக்குகளின் மாதிரி வாசகங்களில் 12-ஆம் எண்ணைப் பாருங்கள். குடி, போதைப்பொருள், எந்தவிதமான பழக்க நோய், அவற்றின் பின்விளைவுகள், இவற்றுக்கான சிகிச்சையை நிறுவனம் விலக்கி வைக்கலாம். சட்டம் நோய் என்கிறது. பாலிசி குற்றம் என்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது தனியார் காப்பீடு இருந்தால் அந்தத் தாளை எடுத்துத் தேடிப்பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

நோயாளியாகப் பார்க்காத அரசு வேறு எப்படிப் பார்க்கிறது என்பது நமக்குத் தெரியும். ஒரு நாள் ராத்திரி தம்பியைச் சாலையில் நிறுத்திச் சட்டைப்பையில் கைவிட்டார்கள். ஒரு அட்டை மாத்திரை. 'எங்கடா வீடு' என்ற கேள்விக்குப் பதில் சொன்னதும் குரல் மாறியது என்றான். எந்தப் பேட்டை என்று சொன்னாலே எந்தச் சாதி என்று தெரிந்துவிடும் ஊர் இது. விடியும்வரை உட்கார வைத்து, எங்கள் வழக்கறிஞர் தோழர் போனபிறகு விட்டார்கள். நாட்டின் விசாரணைக் கைதிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதி. அந்தக் கணக்கு எப்படி உருவாகிறது என்று புரிந்துகொள்ள அந்த ஒரு ராத்திரி போதும்.

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64A என்று ஒரு பிரிவு இருக்கிறது. உட்கொண்டதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர் தானாக முன்வந்து, அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் அவர்மீது வழக்கு நடத்தமுடியாது. நல்ல பிரிவு. ஆனால் அதன் கொக்கி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அங்கீகரித்த இடம் வேண்டும், சிகிச்சையை முழுமையாக முடிக்கவேண்டும், பாதியில் விட்டால் பாதுகாப்பு போய்விடும். பத்து நாள் படுக்கைக்குப் பிறகு வெளியே தள்ளப்பட்டவன் எதை முடிப்பான்? சிகிச்சைக்கு இடம் இல்லாத ஊரில் இந்தப் பிரிவும் இல்லை. பணம் இருப்பவன் பிள்ளை நல்ல மருத்துவமனையில் சேர்ந்து சான்றிதழோடு நீதிமன்றம் வருவான், நம் பிள்ளை காலாப்பட்டு சிறைக்குப் போவான்.

செத்தால் மட்டும் அரசின் கை நீளுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பலரை நம் ஜிப்மருக்குத்தான் தூக்கிவந்தார்கள். இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. கொடுத்தது தவறு என்று யாரும் சொல்லமாட்டோம், அந்தக் குடும்பங்களுக்கு அது வேண்டும். ஆனால் அதே ஆள் அதற்கு ஆறு மாதம் முன்பு குடியை விடவேண்டும் என்று வந்து நின்றிருந்தால் அவருக்கு என்ன ஒதுக்கியிருந்தது?

நம் இயக்கத் தோழர்கள் சிலருக்கு இதில் ஒரு தயக்கம் இருக்கிறது. 'நாமே இதைப் பேசினால், சேரி என்றால் குடிகாரனும் கஞ்சாக்காரனும் என்று சொல்கிறவனுக்கு வாய்ப்பாகிவிடும்' என்கிறார்கள். நியாயமான பயம். ஆனால் பேசாமல் இருப்பதால் அவன் சொல்வதை நிறுத்தவில்லை. நம் வீட்டில்தான் ராத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறார்கள். போதை ஊர்த்தெருவிலும் இருக்கிறது, பூல்வார் உள்ளே விடுதிகளிலும் இருக்கிறது. சிகிச்சையும் ஜாமீனும் யாருக்குக் கிடைக்கிறது என்பதில்தான் சாதி இருக்கிறது. இட ஒதுக்கீட்டையும் நிலத்தையும் கேட்கும் அதே வாயால் மாத்திரையையும் கேட்கலாம்.

தம்பி இப்போது மருந்து எடுக்கிறான். மாத்திரை கொடுக்கும் ஒரு இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. பேருந்து மாறிப் போகவேண்டும். வரிசையில் நின்று, கையெழுத்து போட்டு, வாங்கித் திரும்புவதற்குள் மதியம். அன்றைக்குக் கூலி இல்லை. மருந்து இலவசம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியும் பஸ் காசும். இதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்த வாரம் சுகாதாரத் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுகிறோம். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கு பகுதியிலும் பியூப்ரெநார்ஃபின் தருகிற அரசு இடங்கள் எவை, கடந்த மூன்று ஆண்டில் எத்தனை பேருக்குத் தந்தார்கள், ஆயுஷ்மான் கார்டில் போதை நோய்க்கு எத்தனை பேருக்கு அனுமதி, எத்தனை பேருக்கு மறுப்பு, மனநலச் சட்டத்தில் பதிவு பெற்ற மையங்களின் பட்டியல், அவற்றைக் கடைசியாக யார் எப்போது ஆய்வு செய்தார்கள். காரைக்கால் தோழர்கள் தங்கள் பகுதிக்குத் தனியாகப் போடலாம், மாதிரியை அனுப்புகிறோம். அதற்குள் யாருக்காவது அவசரம் என்றால் ஒன்றிய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446 இருக்கிறது. மாத்திரை போட்டவர் எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது என்றால் போலீஸ் வருமே என்று யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

முதலமைச்சருக்குக் கொடுக்கவேண்டிய கோரிக்கை மனுவை அக்காவுக்குப் படித்துக் காட்டினோம். கேட்டுவிட்டு ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். சுகர் மாத்திரை கொடுக்கிற நம்ம பேட்டை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதையும் கொடுக்கவேண்டும், காலையில் ஆறு மணிக்குத் திறக்கவேண்டும், ஏழு மணிக்கு மேஸ்திரி ஆள் எடுத்துவிடுவார். சேர்த்துவிட்டோம்.